கேமரா ஸ்லைடருக்கு பெல்ட்டா, திருகுத் தண்டா?

கேமராவைத் தண்டவாளம் மாதிரி ஒரு சட்டத்தின் மேல் நகர்த்தும், மோட்டார் வைத்த ஸ்லைடரை வீட்டிலேயே செய்ய உட்காருகிறவர்கள் முதலில் மோட்டாரைப் பற்றித்தான் யோசிக்கிறார்கள். அதில் பெரிய குழப்பம் வேண்டாம்: நேமா 17 அளவு ஸ்டெப்பர், அதாவது எண்ணி எண்ணிப் படிப்படியாகச் சுற்றும் மோட்டார், போதும். கியர் வைத்த டிசி மோட்டார் சுலபம்தான், குமிழைத் திருகினால் ஓடும். ஆனால் நேற்று ஓடிய அதே ஓட்டத்தை இன்றும் ஓடச் சொன்னால் அதற்குத் தெரியாது. தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டிய இடம் வேறு. கேமரா வண்டியை இழுப்பது பல் பெல்ட்டா, திருகுத் தண்டா?

நான் முதலில் செய்தது தண்டில், ஒரு சுற்றுக்கு 8 மி.மீ. நகர்வது. கையால் அசைத்துப் பார்த்தால் கல்லு மாதிரி நின்றது. எடுத்த வீடியோவைப் பார்த்தால் பிரேம் மூச்சுவிடுவதுபோல் லேசாக ஏறி இறங்கியது, சரியாக 8 மி.மீ.க்கு ஒருமுறை. தண்டைக் கழற்றிக் கண்ணாடி மேல் உருட்டினேன். ஒரு முனைப் பக்கம் அடியில் வெளிச்சம் தெரிவதும் மறைவதுமாக இருந்தது. வளைவு! தண்டின் மரையில் ஓடி வண்டியை இழுக்கும் நட்டை, வண்டியோடு இறுக்காமல் கொஞ்சம் மிதக்க விட்டதும் பாதி அசைவு போனது. மீதி போகவே இல்லை.

அப்புறம் வேகம். 600 மி.மீ. தூரத்தை 10 விநாடியில் கடக்க அந்தத் தண்டு நிமிடத்துக்கு 450 சுற்று சுற்ற வேண்டும். நீளத் தண்டு அந்த வேகத்தில் அதிரும், இரையும். ஒரு சுற்றுக்கு 2 மி.மீ. மட்டும் நகரும் தண்டு என்றால் 1800 சுற்று, ஸ்டெப்பர் அங்கே மூச்சுத் திணறும். ஜிடி2 பெல்ட்டும் (பல்லுக்குப் பல் 2 மி.மீ.) 20 பல் புல்லியும் ஒரு சுற்றுக்கு 40 மி.மீ. இழுக்கும். நிமிடத்துக்கு 90 சுற்று வேகத்தில் வேலை முடிந்தது.

பெல்ட்டுக்கும் குறை உண்டு. கிளம்பும்போதும் நிற்கும்போதும் ரப்பர் லேசாகத் துள்ளும். பெல்ட்டை நன்றாக இறுக்கி, வேகத்தைப் படிப்படியாக ஏற்றி இறக்கும்படி நிரல் எழுதினால் அது அடங்கும். அடங்காதது இன்னொன்று: ஸ்லைடரைச் சாய்த்து நிறுத்தி மின்சாரத்தை அணைத்தால் வண்டி கேமராவோடு சறுக்கிக் கீழே வரும். 2 மி.மீ. தண்டு அந்த இடத்தில் அசையாது.

மிக மெதுவான, மிக நெருக்கமான படத்துக்கும் தண்டுதான். ஒரு சுற்றை 3200 நுண்படிகளாகப் பிரித்தால் பெல்ட்டில் ஒரு படி 0.0125 மி.மீ., 8 மி.மீ. தண்டில் 0.0025. மேக்ரோ லென்ஸ் அந்த வித்தியாசத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஸ்டெப்பருக்கு மின்சாரத்தைப் படிப்படியாகக் கொடுக்கும் டிரைவர் சில்லு விஷயத்தில் யோசனையே வேண்டாம். ஏ4988 கொசு மாதிரி ரீங்கரிக்கும், மைக் அதைப் பிடித்துக்கொள்ளும். டிஎம்சி2209 போடுங்கள்.

இப்போது என் பெரிய ஸ்லைடர் பெல்ட்டில் ஓடுகிறது. பழைய தண்டில் நேராக இருந்த 20 செ.மீ.யை மட்டும் அறுத்தெடுத்து, பூச்சிகளைப் படமெடுக்கத் தனியாக ஒரு குட்டி ஸ்லைடர் செய்துகொண்டேன்.