வேலித் தகராறு: சமரசமா, தீர்ப்பாயமா, கோர்ட்டா?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எல்லைத் தகராறு என்று சொலிசிட்டரைத் தேடி வருகிறவர்களின் கையில் பெரும்பாலும் நிலப் பதிவகத்தின் வரைபடம் இருக்கும். சிவப்புக் கோட்டைக் காட்டி, "வேலி என் பக்கம் வந்துவிட்டது" என்பார்கள். அந்தக் கோட்டை நம்பி வழக்கு நிற்காது. 2002ஆம் ஆண்டு நிலப் பதிவுச் சட்டத்தின் 60ஆம் பிரிவுப்படி அது காட்டுவது தோராயமான எல்லையை மட்டுமே. நகர்ப்புற வரைபடங்களின் அளவு வழக்கமாக 1:1250. தாளில் ஒரு மில்லிமீட்டர், தரையில் ஒன்றேகால் மீட்டர். சண்டையோ அரை அடிக்கு!

சிவில் வழக்குகளை விசாரிக்கும் கவுண்டி கோர்ட்டுக்கு அதிகாரம் அதிகம். எல்லை எது என்று அறிவிக்கலாம், தடையாணை போடலாம், நஷ்டஈடும் வாங்கித் தரலாம். பக்கத்து வீட்டுக்காரர் இன்றைக்கே அஸ்திவாரம் தோண்டுகிறார் என்றால் வேறு வழியைப் பற்றி யோசிக்க நேரமில்லை, அங்கேதான் போக வேண்டும். மற்றபடி கணக்கு கசக்கும். தோற்றவர் ஜெயித்தவரின் செலவையும் கட்டுவது வழக்கம். ஜெயித்தவருக்கும் போட்ட பணம் முழுதாகத் திரும்பாது. மீட்ட மண்ணைவிட வக்கீல் பில் பெரிதாகிவிடும்.

கோடு எங்கே என்பது மட்டும்தான் கேள்வி என்றால் தீர்ப்பாயம் மேல். சர்வேயர் துல்லியமாக அளந்த படத்தோடு நிலப் பதிவகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். எதிர்த்தரப்பு ஆட்சேபித்து, பேச்சும் முறிந்தால், விஷயம் முதல்நிலைத் தீர்ப்பாயத்தின் சொத்துப் பிரிவுக்குப் போகும். இதே வேலையில் ஊறிய நீதிபதி கிடைப்பார். ஆனால் நஷ்டஈடோ தடையாணையோ அங்கே கேட்க முடியாது. "தீர்ப்பாயத்தில் அவரவர் செலவு அவரவருக்கு" என்று நம்பி இறங்குகிறவர்களும் உண்டு. அடுக்குமாடி வீடுகளின் பராமரிப்புக் கட்டணம் (சர்வீஸ் சார்ஜ்) பற்றிய வழக்குகளில் அது ஓரளவு சரி. நிலப் பதிவு வழக்குகளில் இங்கேயும் தோற்றவர்தான் பொதுவாகக் கட்டுகிறார்.

அவசரமில்லாத தகராறில் என் ஓட்டு சமரசத்துக்கே. அரை அடியை விட்டுக்கொடுத்து, பதிலுக்கு மரக்கிளையை வெட்டவோ வடிகாலைத் திருப்பவோ சம்மதம் வாங்கலாம். எந்த நீதிபதியாலும் அப்படிப் பண்டமாற்று செய்து தர முடியாது. பேசியது ஒத்துவராவிட்டாலும் அதை வழக்கில் நமக்கு எதிராகக் காட்ட முடியாது. 2023இல், மெர்தர் டிட்ஃபில் கவுன்சிலின் நிலத்திலிருந்து பரவிய 'ஜப்பானிய நாட்வீட்' என்ற களைச்செடியைப் பற்றிய வழக்கில், சமரசத்துக்குப் போகும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றமே சொல்லிவிட்டது. மறுப்பதற்கு நல்ல காரணம் வேண்டும். இல்லாவிட்டால், ஜெயித்தாலும் செலவுத்தொகையில் வெட்டு விழலாம்.

எந்த வழியானாலும் கடிதம் அனுப்புமுன் ஒன்றை யோசிக்க வேண்டும். வீட்டை விற்கும்போது நிரப்பும் டிஏ6 படிவம், அண்டை வீட்டாரோடு தகராறு உண்டா என்று கேட்கிறது. சொலிசிட்டரின் முதல் கடிதம் போய்விட்டால் "இல்லை" என்று எழுத முடியாது. பொய் எழுதினால் வாங்கியவர் வழக்குப் போடுவார்.

வீட்டுக் காப்புறுதியில் சட்டச் செலவுக்கான பாதுகாப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். வெல்லும் வாய்ப்பு பாதிக்கு மேல் இருந்தால்தான் கம்பெனி சம்மதிக்கும். சம்மதிக்குமுன் செய்த செலவை வழக்கமாகத் தராது.