குன்னூரில் ஒரு பைத்தான் வகுப்பு: ஆசிரியரும் அச்சுக் குறிப்பேடும்

குன்னூர் பெட்ஃபோர்டு அருகே மாடி அறையொன்றில் நடக்கும் வார இறுதிப் பைத்தான் (கணினி நிரல் எழுதும் மொழி) வகுப்பில் இரண்டு மாதம் பயின்றேன். ஆசிரியர் பாராட்டுக்குரியவர், அங்கே விற்கப்படும் அச்சுக் குறிப்பேட்டைப் பற்றி அவ்வாறு சொல்ல இயலவில்லை.

ஒதுக்கப்பட்ட சொற்கள், அதாவது பைத்தான் தனக்கென வைத்துக்கொண்டு வேறெதற்கும் பெயராக இட விடாத சொற்கள், 33 என்கிறது குறிப்பேடு. அது 3.6 பதிப்பின் கணக்கு. 2018-இல் வெளியான 3.7 பதிப்பில் 'அசிங்க்', 'அவெயிட்' இரண்டும் சேர்ந்து எண்ணிக்கை 35 ஆயிற்று. எங்கள் பசுந்தேயிலைக் கொள்முதல் கணக்குக்காக உறவினர் ஒருவர் முன்பு எழுதிய நிரலில் 'அசிங்க்' ஒரு மாறியின் (மதிப்பைச் சேமித்து வைக்கும் இடத்தின்) பெயராக இருந்ததால், புதிய பதிப்பில் அது ஒரு வரிகூட ஓடாமல் தொடரியல் பிழை காட்டி நின்றுவிட்டது. குறிப்பேட்டில் காரணம் தேடியே ஒரு மாலை வீணாயிற்று.

ஆசிரியரோ அதையே அடுத்த வகுப்பின் பாடமாக்கினார். 2008-இல் 3.0 வந்தபோது 'பிரிண்ட்' ஒதுக்கப்பட்ட சொல் என்னும் நிலையிலிருந்து இறங்கிச் சாதாரணச் செயற்கூறாக (பெயர் சொல்லி அழைத்தால் ஒரு வேலையைச் செய்து தரும் நிரல் பகுதியாக) மாறியதையும், பைத்தானின் சொந்த நூலகத்திலேயே 'அசிங்க்' என்றிருந்த ஒரு செயற்கூறு 'என்ஷூர் ஃபியூச்சர்' எனப் பெயர் மாற நேர்ந்ததையும் பொறுமையாக விளக்கினார். 2021-இல் வந்த 3.10 பதிப்பு 'மேட்ச்', 'கேஸ்' ஆகியவற்றை இடம் நோக்கிப் பொருள் கொள்ளும் மென்சொற்களாக மட்டுமே சேர்த்ததால், 'மேட்ச்' என்று பெயரிட்ட பழைய மாறிகள் இன்றும் பழுதின்றி ஓடுகின்றன. பைத்தானுடனேயே வரும் 'கீவேர்டு' தொகுதியைக் கேட்டால் ஒதுக்கப்பட்ட சொற்களின் நடப்புப் பட்டியலை அதுவே தந்துவிடும். குறிப்பேட்டில் அந்த ஒரு வரியையாவது அச்சிட்டிருக்கலாம்.

மழை நாளில் மின்சாரம் போனால் வகுப்பும் போய்விடும் (மேகம் மட்டும் தவறாமல் ஜன்னல் வழியே வரும்). வகுப்பில் தாராளமாகச் சேரலாம், குறிப்பேட்டை வாங்க வேண்டாம்.