50 கிலோமீட்டர் என்று சொல்லி விற்ற பிளக்-இன் ஹைப்ரிட்: வாங்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பழைய பிளக்-இன் ஹைப்ரிட் கார் (வெளியிலிருந்து மின்னேற்றும் பேட்டரியும் பெட்ரோல் இயந்திரமும் சேர்ந்தது) ஒன்றுக்கு முன்பணம் கட்டத் தயாராக இருப்பவர்கள், கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். 2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், சிங்கப்பூரின் கிழக்கு வட்டாரத்தில் உள்ள ஒரு பழைய கார் விற்பனைக் கடையில், 2018இல் பதிவான அத்தகைய கார் ஒன்றை 1 லட்சம் வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல் கொடுத்து வாங்கினேன். கடையின் பெயரை வெளியிடுவதில்லை என்று பின்னர் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதை மீற மாட்டேன். ஆனால் எப்படி விற்றார்கள் என்பதைச் சொல்ல எனக்குத் தடை எதுவும் இல்லை.

ஈசூனில் வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டில் குடியிருக்கிறேன், வேலை தீவின் மேற்குக் கோடியில் உள்ள துவாஸில். போக 30, வர 30 என்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். ஆண்டுக்கு இரண்டு முறை மலேசியாவின் ஈப்போவில் உள்ள உறவினர் வீட்டுக்குச் செல்வதால் முழு மின்சாரக் கார் எங்களுக்குச் சரிவராது என்று எண்ணினோம். சக்கர நாற்காலியில் இருக்கும் என் தாயாரை மாதம் ஒரு முறையாவது மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். இவை அனைத்தையும் விற்பனையாளரிடம் முதல் நாளே சொன்னேன். அவரும் தமிழர், என்னைவிட இளையவர். "அண்ணே, ஒரு சார்ஜுக்கு 50 கிலோமீட்டர் ஓடும். துவாஸ் போய் ஒரு மணி நேரம் போட்டால் போதும், திரும்பி வந்துவிடலாம். வார நாளில் பெட்ரோல் பக்கமே போக வேண்டியதில்லை" என்றார். பேட்டரிக்குக் கார் நிறுவனத்தின் அதிகாரபூர்வ முகவர் தரும் உத்தரவாதம் 8 ஆண்டு, 2026 வரை இருக்கிறது என்றும் சொன்னார். இரண்டையும் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புமாறு என் மனைவி கேட்டுக்கொண்டார், அவரும் அனுப்பினார். அந்த ஒரு செய்திதான் பிறகு எங்களைக் காப்பாற்றியது.

சோதனை ஓட்டத்துக்கு நாங்கள் போனபோது கார் முழுமையாக மின்னேற்றப்பட்டு, டாஷ்போர்டில் 46 கிலோமீட்டர் என்று காட்டியபடி நின்றது. பாதையை அவரே தேர்ந்தெடுத்தார்: கடை இருக்கும் பேட்டையைச் சுற்றியுள்ள உள்சாலைகள், 6 கிலோமீட்டர், வேகம் 40ஐத் தாண்டவில்லை. பெட்ரோல் இயந்திரம் ஒருமுறைகூட இயங்கவில்லை; அந்த நிசப்தத்தில் நாங்கள் மனம் மயங்கியது உண்மை. டாஷ்போர்டில் தெரியும் அந்த எண் பேட்டரியின் மெய்யான அளவன்று, கார் அண்மையில் எப்படி ஓட்டப்பட்டதோ அதை வைத்துச் செய்யப்படும் மதிப்பீடு என்பது எனக்கு அப்போது தெரியாது. பேட்டைக்குள்ளேயே நாள்தோறும் மெதுவாக உருட்டிக்கொண்டிருந்தால் எண் உயர்ந்துதான் நிற்கும்.

கார் கைக்கு வந்த முதல் திங்கட்கிழமை, முழு சார்ஜுடன் புறப்பட்டேன். விரைவுச்சாலையில் 80, 90 வேகம், குளிர்சாதனம் வழக்கமான அளவில். துவாஸை எட்டுவதற்குச் சற்று முன்பே பெட்ரோல் இயந்திரம் இயங்கத் தொடங்கியது. அடுத்த நான்கு வாரங்களுக்கு ஒவ்வொரு நாளும் குறிப்பேட்டில் எழுதி வந்தேன். சராசரி 28 கிலோமீட்டர். மழையும் நெரிசலும் சேர்ந்த நாள்களில் 24. என் வேலையிடத்தில் மின்னூட்டு முனை கிடையாது என்பதையும் அவரிடம் சொல்லியிருந்தேன் என்பதால், திரும்பி வரும் வழி முழுவதும் தினமும் பெட்ரோல்தான்.

அப்படியானால் 50 என்ற எண் எங்கிருந்து வந்தது? அது விளம்பரக் கையேட்டில் அச்சிடப்பட்ட எண்தான். பொய் எண் என்று சொல்ல முடியாது. ஆனால் அது என்இடிசி என்னும் பழைய ஐரோப்பியச் சோதனை முறையின் எண். ஏறத்தாழ 11 கிலோமீட்டர் தூரத்தை 20 நிமிடத்தில், மணிக்குச் சராசரியாக 34 கிலோமீட்டருக்கும் குறைவான வேகத்தில், ஆய்வுக்கூட உருளைகளின் மேல், குளிர்சாதனத்தை நிறுத்திவைத்து ஓட்டி அளப்பது அந்த முறை. நடைமுறைக்கு ஒவ்வாதது என்பதால் 2017 செப்டம்பர் முதல் ஐரோப்பாவில் புதிய ரகங்களுக்கு டபிள்யூஎல்டிபி என்னும் கடுமையான முறையைக் கொண்டுவந்தார்கள். அதிலும் குளிர்சாதனம் இயங்குவதில்லை. ஆண்டு முழுவதும் குளிர்சாதனம் இல்லாமல் காரில் உட்கார முடியாத நம் ஊரில், புதிய காரிலேயே அந்த எண் கிடைப்பது அரிது. ஐந்து ஆண்டு பயன்பட்ட பேட்டரியில் அதை எதிர்பார்க்கச் சொல்வது ஏமாற்று வேலை. எரிபொருள் கணக்கிலும் இதே நிலைதான். ஐரோப்பிய ஆணையம் 2024 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையின்படி, பிளக்-இன் ஹைப்ரிட் கார்கள் சாலையில் வெளியிடும் கரியமில வாயு, ஆய்வுக்கூடத்தில் அளந்ததைப்போல் சராசரியாக 3.5 மடங்கு. உரிமையாளர்கள் எதிர்பார்த்த அளவுக்கு மின்னேற்றி ஓட்டுவதில்லை என்பதே அதற்கு முக்கியக் காரணம்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்களை வாங்க வைத்தது அதுதான். எங்கள் புளோக்கின் பல மாடிக் கார் நிறுத்துமிடத்தில் ஒரு கிலோவாட்-மணிக்கு (அதாவது ஒரு யூனிட் மின்சாரத்துக்கு) 60 காசு கொடுத்தேன். ஒரு முழு சார்ஜுக்கு 7.4 கிலோவாட்-மணி இழுக்கும். அதாவது 4 வெள்ளி 44 காசு. அதில் ஓடுவது 28 கிலோமீட்டர். அதே 28 கிலோமீட்டரைப் பெட்ரோலில், நான் அப்போது கொடுத்த விலைக்கு, கிலோமீட்டருக்கு 19 காசு என்று ஓட்டினால் 5 வெள்ளி 32 காசு. ஆக, நாளொன்றுக்கு மிச்சம் 88 காசு. உண்மையில் 50 கிலோமீட்டர் ஓடியிருந்தால் நாளொன்றுக்கு 5 வெள்ளிக்கு மேல் மிஞ்சியிருக்கும். சொந்தத் தரைவீட்டில் மின்னூட்டி வைத்து வீட்டுக் கட்டணத்தில் ஏற்றுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும்; நம்மில் பெரும்பாலோர் வீவக வீடுகளில் இருக்கிறோம்.

ஒரு மணி நேரத்தில் ஏறிவிடும் என்றதும் உண்மையன்று. மின்னூட்டு முனையில் 7.4 கிலோவாட் என்று எழுதியிருந்தாலும், காருக்குள் இருக்கும் மின்னூட்டி 3.7 கிலோவாட் மட்டுமே ஏற்கும். எனவே இரண்டு மணி நேரம். நேர்மின்சார விரைவு மின்னூட்டு வசதி இந்தக் காரில் இல்லை; பல பிளக்-இன் ஹைப்ரிட்களில் இருப்பதில்லை. இரவு எட்டு மணிக்குப் போட்டுவிட்டு, பத்து மணிக்கு மீண்டும் கீழே இறங்கி, காத்திருப்பவருக்கு இடம் விட்டு வேறு தளத்தில் நிறுத்த வேண்டும். இடம் கிடைக்காத இரவுகளில் மறுநாள் முழுவதும் பெட்ரோல்.

வடிவமைப்பைப் பற்றி நான் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். கார் அழகானது, பின்புறம் சரிந்து இறங்கும் கூரையைப் பார்த்துத்தான் நானும் என் மனைவியும் முதலில் நின்றோம். ஆனால் பெட்ரோல் காராக வரையப்பட்ட ஒரு செடானில் பிறகு பேட்டரியைச் சேர்க்கும்போது, அது எங்காவது இடத்தைப் பிடுங்கத்தான் செய்யும். நான் வாங்கியது பிஎம்டபிள்யூ அன்று. என்றாலும் எல்லோரும் அறிந்த அளவு என்பதால் சொல்கிறேன்: 2018இல் அறிமுகமான 3 ரகத்தில் பெட்ரோல் செடானின் பூட் (பின்புறச் சாமான் அறை) 480 லிட்டர், அதே காரின் பிளக்-இன் வடிவமான 330இ-இல் 375 லிட்டர். எங்கள் காரிலும் பூட்டின் தரை ஒரு சாண் உயர்ந்திருந்தது. கடையில் அதன் மேல் கம்பளம் விரித்து, சார்ஜ் கம்பிப் பையை எடுத்து ஒளித்துவிட்டு, "நாற்காலி தாராளமாகப் போகும்" என்றார்கள். சக்கரங்களைக் கழற்றினால்தான் போகிறது. மருத்துவமனை வாசலில், பின்னால் டாக்சிகள் காத்திருக்க, மழையில் நின்று சக்கரம் கழற்றிய அன்று அம்மா, "எனக்காகத்தானே இந்தக் கார் வாங்கினாய்" என்று கேட்டார்.

இவற்றையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். பொறுக்க முடியாதது உத்தரவாதம். செப்டம்பர் இறுதியில் அதிகாரபூர்வ முகவரின் பணிமனைக்குப் போனேன். அடிச்சட்ட (சேஸி) எண்ணைப் பார்த்ததும் அவர்கள் சொன்னது: இந்தக் கார் எங்கள் வழியாக வரவில்லை, தனி இறக்குமதியாளர் ஒருவர் கொண்டுவந்தது, எங்கள் உத்தரவாதம் இதற்கு எப்போதுமே இருந்ததில்லை. கட்டணம் செலுத்திப் பேட்டரியைச் சோதித்ததில் கொள்ளளவு வெகுவாகக் குறைந்திருந்தது. மாற்ற 16,800 வெள்ளி என்று மதிப்பீடு எழுதிக் கொடுத்தார்கள். அதே பணிமனையில் எங்களுக்கு முன்பே, அந்த ஆண்டு ஜூன் மாதத்தில், இந்தக் காரின் பேட்டரி சோதிக்கப்பட்டிருந்தது. அப்போது கார் கடையின் கையில் இருந்தது. அவர்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

கடைக்குத் திரும்பினேன். விற்பனையாளர் வேலையை விட்டுவிட்டார் என்றார்கள். மேலாளர் ஒப்பந்தத்தில் சிறிய எழுத்தில் இருந்த "உள்ளது உள்ளபடியே" என்ற வரியைக் காட்டினார். பலர் இந்த வரியைப் பார்த்தவுடன் திரும்பிவிடுகிறார்கள். நானும் ஒரு வாரம் அப்படித்தான் இருந்தேன். பயனீட்டாளர் சங்கத்தை அணுகியபோது நிலைமை தெளிவானது. 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள குறைபாட்டுப் பொருள் சட்டம் பழைய கார்களுக்கும் பொருந்தும். பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, கொடுக்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று நிரூபிப்பது விற்றவரின் பொறுப்பு. சங்கத்தின் கடிதங்களுக்குக் கடை பதில் தரவில்லை. ஆகவே சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு செய்தேன். அங்கே 20,000 வெள்ளி வரையிலும், இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வரையிலும் கோரலாம். இரண்டு ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். வழக்கறிஞர்கள் வர முடியாது. முதல் கலந்தாய்விலேயே அந்த வாட்ஸ்அப் செய்தியையும் ஜூன் மாதச் சோதனைப் பதிவையும் மேசையில் வைத்தேன். 2024 பிப்ரவரியில் 7,500 வெள்ளிக்கு உடன்பட்டார்கள். பேட்டரி விலையில் பாதிகூட இல்லை. அலைச்சலுக்கும் விடுப்புக்கும் அஞ்சி நானும் ஒப்புக்கொண்டேன்.

வாங்கப் போகிறவர்கள் குறைந்தது இவற்றைச் செய்யுங்கள். அடிச்சட்ட எண்ணை வாங்கி அதிகாரபூர்வ முகவரை நீங்களே அழைத்துக் கேளுங்கள். கடைக்காரர் கேட்டுச் சொல்வதாகச் சொன்னால் ஏற்காதீர்கள். முழு சார்ஜில் தொடங்கி, நீங்கள் தினமும் போகும் சாலையில், உங்கள் குளிர்சாதன அளவில், பெட்ரோல் இயந்திரம் தானாக இயங்கும் வரை ஓட்டிப் பாருங்கள். ஒரு மணி நேரம் ஆகும், அதற்கு மறுக்கும் கடையில் வாங்காதீர்கள். பேட்டரியின் சோதனை அறிக்கை தேதியுடன் வேண்டும். சக்கர நாற்காலியோ பிள்ளை வண்டியோ, எதை ஏற்றப் போகிறீர்களோ அதைக் கையோடு கொண்டுபோய் ஏற்றிப் பாருங்கள். வாயால் சொல்லும் ஒவ்வோர் எண்ணையும் எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள்.

சென்ற வாரம் அதே கடை, அதே ரகத்தில் இன்னொரு காரை விளம்பரம் செய்திருக்கிறது. அதுவும் 2018ஆம் ஆண்டுக் கார். ஒரு சார்ஜுக்கு 50 கிலோமீட்டர் என்றே அதிலும் எழுதியிருக்கிறார்கள்.