லாக் ஸ்டாக்கா, லாங் குட் ஃப்ரைடேயா?

இரண்டுமே லண்டன் ரவுடிகளின் கதைதான். ஆனால் பார்த்து முடித்த பிறகு மனசில் தங்குவது வேறு வேறு.

கை ரிச்சியின் 'லாக், ஸ்டாக் அண்ட் டூ ஸ்மோக்கிங் பேரல்ஸ்' (1998) வேகத்தால் ஜெயிக்கிறது. மோசடிச் சீட்டாட்டத்தில் தோற்று 5 லட்சம் பவுண்டு கடன். ஒரு வாரத்தில் கட்டியாக வேண்டும். நாலு நண்பர்கள், இரண்டு பழங்காலத் துப்பாக்கிகள், குறுக்கே வந்து மோதும் கும்பல்கள். ஜேசன் ஸ்டேதமுக்கு இதுதான் முதல் படம். கிழக்கு லண்டன் கொச்சை காதில் சட்டென ஏறாது, சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஜான் மெக்கன்ஸியின் 'தி லாங் குட் ஃப்ரைடே' (1980) வேறு ரகம். பாப் ஹாஸ்கின்ஸ் இதில் தாதா ஹரால்ட் ஷாண்ட். பாழடைந்து கிடக்கும் துறைமுகப் பகுதியை அமெரிக்க மாஃபியா பணத்தில் புதிதாக எழுப்பப் பார்க்கிறான். (பின்னாளில் நிஜமாகவே அங்கே கேனரி வார்ஃப் கோபுரங்கள் எழுந்தன.) புனித வெள்ளியன்று குண்டுகள் வெடிக்கின்றன, செய்தது யார் என்று அவனுக்குப் புரியவில்லை. சந்தேகப்பட்டவர்களை எல்லாம் இறைச்சிக்கூடத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டு விசாரிக்கிறான். அவன் துணைவியாக வரும் ஹெலன் மிர்ரன் அவனைவிடப் புத்திசாலி. அப்புறம் அந்தக் கடைசிக் காட்சி! காரின் பின்சீட்டில் ஹாஸ்கின்ஸின் முகம், ஒரு வசனம்கூடக் கிடையாது. கோபம், பயம், கடைசியில் தோல்வியை ஒப்புக்கொள்வது என்று எல்லாமே அந்த முகத்தில் ஓடுகிறது.

நண்பர்கள் கூடியிருந்தால் ரிச்சி படம் போடுங்கள். ஒன்றுக்குத்தான் நேரம் என்றால், நான் ஹாஸ்கின்ஸைத்தான் சொல்வேன்.