கழற்றத் தேவையில்லாத காதுக் கவசம்: ஹாவர்ட் லைட் இம்பாக்ட் ஸ்போர்ட்

சொந்தத் துப்பாக்கியோடு சுடுதளத்துக்கு வருகிறவர்களின் பையைப் பார்த்தாலே அவர்கள் எதை மதிக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். குறி பார்க்கும் ஸ்கோப் நன்றாக இருக்கும். துப்பாக்கியைத் தாங்கும் இரட்டைக்கால் பைபாட் இருக்கும். தோட்டாவைக்கூட எந்தக் கம்பெனி, எந்த லாட் என்று பார்த்துப் பார்த்து வாங்கியிருப்பார்கள். காதுக்கு மட்டும் பையின் அடியில் நசுங்கிக் கிடக்கும் ஒரு பழைய இயர்மஃப். கிளப்பில் வார இறுதிகளில் சுடுதளத்தைக் கண்காணிக்கும் ரேஞ்ச் ஆபீசராக நிற்பதால் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அதனால்தான் துப்பாக்கியை விட்டுவிட்டுக் காதுக் கவசத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தேன்.

நான் போடுவது ஹாவர்ட் லைட் இம்பாக்ட் ஸ்போர்ட். ஹனிவெல் பெயரோடு பார்த்திருப்பீர்கள். எலக்ட்ரானிக் வகை. காதை மூடும் இரண்டு கிண்ணங்களிலும் வெளிப்பக்கம் மைக் இருக்கிறது, உள்பக்கம் சிறிய ஸ்பீக்கர் இருக்கிறது. சுற்றிலும் நடக்கும் பேச்சை நான்கு மடங்கு வரை பெருக்கிக் காதுக்குள் கொடுக்கும். வெளிச் சத்தம் 82 டெசிபலைத் தொட்டதும் பெருக்குவதை நிறுத்திவிடும். அந்த நொடியிலிருந்து அது சாதாரண இயர்மஃப் மாதிரிதான்: பிளாஸ்டிக் கிண்ணமும் நுரையும் தடுப்பதுதான் தடுப்பு. இதைப் புரிந்துகொள்ளாமல், "எலக்ட்ரானிக் என்பதால் அதிகமாகத் தடுக்கும்" என்று நிறைய பேர் நம்புகிறார்கள். இல்லை. எலக்ட்ரானிக்ஸ் இருப்பது கேட்பதற்கு. தடுப்பது கிண்ணம்.

கேட்பதற்கு எதற்கு இவ்வளவு ஏற்பாடு என்று தோன்றலாம். ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் தன் தங்கையை முதல் முறையாக அழைத்து வருகிறார். கையில் .22 என்ற சின்னத் தோட்டா ரைஃபிள். அந்தப் பெண் தோள் வைக்கும் இடம் சரியில்லை. அண்ணன் ஏதோ சொல்கிறார். இயர்மஃப் வழியாக அவளுக்குக் கேட்கவில்லை. "என்ன அண்ணா?" என்று வலது கிண்ணத்தை இரண்டு விரலால் தூக்குகிறாள். பதில் சொல்ல அவரும் தன்னுடையதைத் தூக்குகிறார். பக்கத்து மேசையில் இருப்பவருக்கு இவர்கள் பேசுவது தெரியாது, அவர் டார்கெட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய ரைஃபிள் வெடிக்கிறது. பெட்டியில் 30 டெசிபல் தடுக்கும் என்று போட்ட கவசமாக இருந்தாலும், தூக்கிய அந்த நொடியில் அதன் தடுப்பு பூஜ்யம்.

காதுக் கவசத்தைப் பொறுத்தவரை நான் சொல்ல விரும்புவது இதுதான்: தடுப்பு எண் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, கழற்றவே தோன்றாத கவசம்தான் நல்ல கவசம். இம்பாக்ட் ஸ்போர்ட் போட்ட பிறகு யாரும் கிண்ணத்தைத் தூக்கிப் பேசி நான் பார்க்கவில்லை. தூக்குவதற்குக் காரணமே இல்லாமல் போய்விடுகிறது.

இரண்டாவது காரணம் கட்டளைகள். "சீஸ் ஃபயர்", அதாவது சுடுவதை நிறுத்து என்ற கட்டளையைச் சுடுதளத்தில் நிற்கும் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். யாரோ ஒருவர் கோட்டைத் தாண்டிப் போவதையோ, டார்கெட் பக்கம் ஒரு நாய் ஓடி வருவதையோ முதலில் பார்ப்பது ரேஞ்ச் ஆபீசராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கட்டளை காதில் விழுந்த கணமே விரல் ட்ரிகரை விட்டு வெளியே வர வேண்டும். பிறகு மேகசினைக் கழற்றி, போல்ட்டைத் திறந்து, தோட்டா உட்காரும் சேம்பர் காலி என்று கண்ணால் பார்த்து, காலி என்று மற்றவர்களுக்குக் காட்டும் சேம்பர் கொடியைச் சொருகிவிட்டு மேசையிலிருந்து பின்னால் வர வேண்டும். ஆட்கள் டார்கெட் மாற்றப் போயிருக்கும் வரை துப்பாக்கியைத் தொடக்கூடாது. இத்தனையும் ஒரு குரலை நம்பி நடக்கிறது. கனமான சாதாரண இயர்மஃப்பும் அதற்குள் காதுத் துளையில் சொருகும் பிளக்கும் போட்டவரிடம் கத்தினால் செவிடன் காதில் ஊதிய சங்குதான். பக்கத்தில் போய்க் கையசைத்துக் காட்ட வேண்டியிருக்கும். எலக்ட்ரானிக் போட்டவர்கள் வரிசையில் நிற்கும் நாளில் நான் ஒரே தடவை சொன்னால் போதும், கடைசி மேசை வரை போல்ட்டுகள் திறக்கும்.

இப்போது எண்ணுக்கு வருவோம், ஏனென்றால் இதன் பலவீனம் அங்கேதான் இருக்கிறது. இதன் என்ஆர்ஆர், அதாவது சத்தக் குறைப்பு மதிப்பு, 22 டெசிபல். சாதாரண இயர்மஃப்புகளில் 30ஐ எட்டுபவை இருக்கின்றன. நன்றாகச் சொருகிய நுரை பிளக்குகளில் 33 வரைக்கும் உண்டு. 22 போதுமா என்பது எதைச் சுடுகிறீர்கள், எங்கே சுடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

ஒரு .22 ரைஃபிளின் வெடிச்சத்தம் சுடுபவரின் காதருகே சுமார் 140 டெசிபல். 9 எம்எம் பிஸ்டல், 12 போர் ஷாட்கன், பெரிய சென்டர்ஃபயர் ரைஃபிள் எல்லாம் 150ஐத் தாண்டிவிடும், ரைஃபிளில் 160ஐக்கூடத் தாண்டும். நொடிப்பொழுது வெடிச்சத்தத்துக்குப் பாதுகாப்பு அமைப்புகள் வைத்திருக்கும் உச்ச வரம்பு 140. டெசிபல் சாதாரணக் கூட்டல் கணக்கு இல்லை. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் சத்தத்தின் ஆற்றல் இரட்டிப்பாகிறது. 160இல் 22ஐக் கழித்தால் 138, வரம்புக்குள் வந்துவிட்டதே என்று தோன்றும். ஆனால் அந்த 22 ஆய்வகத்தில், கவசத்தைச் சரியாகப் பொருத்திவைத்து எடுத்த எண். நிஜத் தலையில் அவ்வளவு கிடைக்காது. அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா பயன்படுத்தும் ஒரு கணக்கில் என்ஆர்ஆரிலிருந்து 7ஐக் கழித்துப் பாதியாக்குவார்கள். 22க்கு அது ஏழரைதான் வருகிறது. அது தொழிற்சாலைத் தொடர்சத்தத்துக்கான கணக்கு, வெடிச்சத்தத்துக்கு அப்படியே பொருந்தாது. இருந்தாலும் பெட்டியில் இருக்கும் எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு ஓர் அளவுகோல்.

ஆகவே திறந்தவெளியில் .22 மட்டும் சுடுகிற நாளில் நான் இதை மட்டும் போடுகிறேன். பிஸ்டலோ பெரிய ரைஃபிளோ வந்தால், கூரையும் சுவரும் உள்ள உள்ளரங்கம் என்றால், உள்ளே நுரை பிளக், மேலே இது. இரண்டையும் சேர்த்தால் 22ம் 33ம் கூடி 55 ஆகிவிடாது. இரண்டில் பெரியதோடு ஏறக்குறைய 5 சேரும், அவ்வளவுதான். அதற்கு மேல் தடுத்தாலும் மண்டையோட்டு எலும்பு வழியாகச் சத்தம் உள்காதுக்குப் போய்விடும். ஆனால் அந்த ஐந்தும் வேண்டும். எலக்ட்ரானிக்கின் அருமை இங்கேதான் முழுசாகத் தெரிகிறது: பிளக்கைச் சொருகிவிட்டு வால்யூமை மேலே ஏற்றினால், பிளக்கைத் தாண்டியும் பேச்சு கேட்கிறது. இரட்டைப் பாதுகாப்பும் கட்டளையும் ஒன்றாகக் கிடைப்பது சாதாரண இயர்மஃப்பில் நடக்காத காரியம்.

பக்கத்து மேசைக்காரர் குழல் முனையில் மஸில் பிரேக் மாட்டியிருந்தால் உங்கள் துப்பாக்கி எதுவாக இருந்தாலும் பிளக் போட்டுவிடுங்கள். அந்தச் சாமான் பின்னுதைப்பைக் குறைக்க வாயுவைப் பக்கவாட்டில் திருப்பிவிடுகிறது, சத்தமும் அதோடு பக்கத்தில் இருப்பவருக்குத்தான் வருகிறது. மேசை மாற்றிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. என்னிடம் கேட்டால் மாற்றித் தருவேன்.

இந்த விஷயத்தில் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு மனிதர் காரணம். எங்கள் கிளப்பில் ஒரு பெரியவர். இளம் வயதில் எல்லோரையும் போலப் பஞ்சை அடைத்துக்கொண்டு சுட்டவர். வலக்கைக்காரர். ரைஃபிளைத் தோளில் வைத்துக் கன்னத்தைச் சாய்க்கும்போது வலது காது தலையின் நிழலில் போய்விடும். இடது காது குழல் முனைப் பக்கம் திரும்பி நிற்கும். நீண்ட துப்பாக்கி சுடும் வலக்கைக்காரர்களுக்கு இடது காது அதிகம் கெடுவது காது மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். அவருக்கும் அப்படித்தான். பேச்சு காதில் விழும், சொல் பிடிபடாது. முதலில் போவது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய உயர்ந்த ஒலிகள். ச, ஸ, ஷ எல்லாம் மங்கி, குழந்தைகளின் குரலும் பெண்களின் குரலும் தெளிவிழந்துவிடும். உள்காதில் இருக்கும் மயிர்ச் செல்கள் ஒருமுறை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. என்னிடம் பேசும்போது அவர் தலையைத் திருப்பி வலது காதைக் கொடுப்பார். "இன்னொரு தடவை சொல்லுப்பா தம்பி" என்பார். ராத்திரி படுத்தால் காதுக்குள் ஓயாமல் விசில் அடிப்பதாகவும் சொல்லியிருக்கிறார். அவரிடம் என்னுடையதை ஒருநாள் போட்டுப் பார்க்கக் கொடுத்தேன். "நீ என்ன சொல்றேன்னு இந்த வரிசையில நின்னு இப்பதான் புரியுது" என்றார். இது காது கேட்கும் கருவி அல்ல, அந்த வேலைக்கு வாங்கவும் கூடாது. ஆனால் கட்டளை கேட்காத கூச்சத்தில் வருவதைக் குறைத்துக்கொண்டிருந்தவர் இப்போது ஒழுங்காக வருகிறார்.

இனி பொருத்தம். கிண்ணத்தின் கீழ்ப்பக்கம் ஒடுக்கமாகச் செய்திருப்பது ரைஃபிள்காரர்களுக்குப் பெரிய வசதி. 30 டெசிபல் கவசங்களின் பருத்த கிண்ணம், கன்னத்தை ரைஃபிளின் பின்கட்டையில் வைத்ததும் அதில் முட்டி மேலே கிளம்பும். கிளம்பினால் கீழே இடைவெளி, இடைவெளி விழுந்தால் சத்தம் உள்ளே. முன்பு நான் வைத்திருந்த ஒரு கவசம் (எந்தக் கம்பெனி என்பது வேண்டாம்) ஒவ்வொரு முறை கன்னம் வைக்கும்போதும் இப்படி ஒரு விரல்கடை தூக்கும், அதற்கு எண் எவ்வளவு இருந்து என்ன பயன்? இம்பாக்ட் ஸ்போர்ட் நேரான கட்டை உள்ள ரைஃபிள்களில் எனக்கு முட்டுவதில்லை. படுத்துச் சுடும்போது கழுத்து மடங்கும் கோணம் வேறு, அப்போது தலைப் பட்டையைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிக்கொள்கிறேன்.

கண்ணாடி போடுகிறவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். சுடுதளத்தில் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம் என்பதால் அநேகமாக எல்லோருமே. கண்ணாடியின் காம்பு நுரைக்கும் தலைக்கும் நடுவே போகிறது. தடித்த பிளாஸ்டிக் காம்பு என்றால் அங்கே ஒரு சின்ன வாய்க்கால் மாதிரி வழி திறந்துவிடும். மெல்லிய, தட்டையான காம்புள்ள கண்ணாடி வாங்குங்கள். கம்மல், தொப்பியின் ஓரம், காதுக்கு மேல் வரும் கூந்தல் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். போட்ட பிறகு விரலால் நுரையைச் சுற்றி ஒரு தடவை தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும். சிறுவர்களுக்குப் பட்டையை முழுக்கச் சுருக்கியும் தளர்வாக இருந்தால் போடாதீர்கள், சின்னத் தலைக்கென்று செய்ததை வாங்குங்கள்.

பேட்டரி இரண்டு ஏஏஏ. கம்பெனி சொல்வது சுமார் 350 மணி நேரம். நான் மணி எண்ணவில்லை, பேட்டரி மாற்றிய ஞாபகம் அபூர்வமாகத்தான் வருகிறது. நான்கு மணி நேரம் தொடாமல் விட்டால் தானே அணைந்துவிடும், மறுபடி வால்யூம் திருகை அணைத்து ஏற்ற வேண்டும். நாள் முழுக்க வரிசையில் நிற்கிற என்னைப் போன்றவர்களுக்கு நடுவில் திடீரென்று ஊமையான மாதிரி இருக்கும். மறந்துபோய்ப் பையில் போட்டவருக்கு அதுவே பேட்டரியைக் காப்பாற்றும். பேட்டரி தீர்ந்தாலும் 22 டெசிபல் எங்கும் போகாது. ஃபோனை இணைக்க ஒயர் துளை ஒன்று இருக்கிறது. சுடும்போது பாட்டு கேட்பதை நான் அனுமதிப்பதில்லை, அதனால் அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. காற்று அடிக்கும் நாளில் மைக்கில் 'உஸ்' என்று இரைச்சல் வரும், திறந்தவெளியில் எந்த எலக்ட்ரானிக் கவசத்துக்கும் இது உள்ளதுதான். வால்யூமைக் கொஞ்சம் இறக்கினால் போதும்.

நுரை மெத்தை வியர்வையில் நாளடைவில் விறைக்கும், விரிசல் விடும். விறைத்த மெத்தை ஒட்டாது. இதற்கு மாற்று மெத்தை தனியாகக் கிடைக்கிறது, கழற்றி அழுத்தி மாட்டினால் முடிந்தது. சுட்டு முடித்ததும் ஈயத்தூள் படிந்த கையோடு மெத்தையைத் தொடாதீர்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, பிறகு ஈரத்துணியால் மெத்தையைத் துடைத்து, மடக்கிப் பையில் வையுங்கள். மடக்கினால் சிறிதாகிவிடும், மேகசின் பக்கத்திலேயே இடம் இருக்கும்.

யார் வாங்க வேண்டாம்? உள்ளரங்கத்தில் மட்டும் சுடுகிறவர், பிளக் போடப் பிடிக்காதவர் என்றால் இது வேண்டாம். எண் அதிகமுள்ள எலக்ட்ரானிக் கவசங்கள் வந்துவிட்டன, கிண்ணம் பருமனாக இருந்தாலும் பிஸ்டலுக்குக் கன்னம் வைக்கும் தொல்லை இல்லை. மற்றபடி .22 ரைஃபிளும் ஒரு நண்பர் கூட்டமுமாக வெளியே சுடப் போகிறவர்கள், முக்கியமாகப் புதியவர்களுக்குக் கற்றுத் தருகிறவர்கள், ஸ்கோப்புக்கு முன்னால் இதை வாங்குங்கள். முடிந்தால் இரண்டாக, ஒன்று கூட வருகிறவருக்கு. கற்றுத் தருபவர் மட்டும் கேட்டு என்ன பயன், கற்றுக்கொள்பவருக்கும் கேட்க வேண்டும். பையில் நான்கு ஏஏஏ பேட்டரியும் ஒரு பாக்கெட் நுரை பிளக்கும் எப்போதும் கிடக்கட்டும்.