சென்சார் மாற்றினேன், வால்வு மாற்றினேன், கடைசியில் ஓ-ரிங்: டீசல் பிக்கப்பில் ரெயில் பிரஷர் ஆட்டம்

என் பிக்கப் நான்கு சிலிண்டர் காமன் ரெயில் டீசல், அதாவது ஹை பிரஷர் பம்ப் தள்ளும் டீசல் 'ரெயில்' என்ற ஒரே குழாயில் அழுத்தத்தோடு நின்று, அங்கிருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் போகும். மூன்று வருடமாக ஓட்டுகிறேன், ஓடோமீட்டர் 1,90,000-ஐத் தாண்டிவிட்டது. இதில் கிட்டத்தட்ட ஒரு வருடம் ரெயில் பிரஷரோடு மல்லுக்கட்டியே போனது.

முதலில் ஐடிலிங்கில் மூச்சு வாங்குவதுபோல் ஆர்பிஎம் லேசாக ஏறி இறங்கும், அவ்வளவுதான். அப்புறம் பாரத்தோடு மேடு ஏறும்போது திடீரென்று பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுத்ததுபோல் இழுவை செத்துவிடும், செக் எஞ்சின் லைட் எரியும், ஓரமாக நிறுத்தி அணைத்துப் போட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். காலையில் செல்ஃப் வழக்கத்தைவிட நாலைந்து விநாடி கூடுதலாகச் சுற்றும். ஸ்கேனரில் வந்த பிழைக் கோடு (code) பி0087, அதாவது ரெயில் பிரஷர் தேவைக்குக் குறைவு. நடுவில் ஒரே ஒரு முறை பி0088 வந்தது, அது பிரஷர் அதிகம் என்பதற்கான கோடு. குறைவு, அதிகம் இரண்டும் ஒரே வண்டியில் வந்ததைப் பார்த்ததும் "ரெயில் பிரஷரை அளக்கும் சென்சார்தான் பொய் சொல்கிறது" என்று முடிவு கட்டினேன். அங்கேதான் முதல் சறுக்கல்.

புது சென்சார் போட்டேன். ஒரு மாற்றமும் இல்லை. சென்சார் சரியா தப்பா என்று பார்க்க அதைக் கழற்றவே தேவையில்லை என்பது பிறகுதான் புரிந்தது. வண்டியை நன்றாக ஆறவிட்டு, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் ஆன் செய்தால், ரெயிலில் அழுத்தம் இல்லாத அந்த நேரத்தில் பிரஷர் கிட்டத்தட்ட பூஜ்ஜியம் காட்ட வேண்டும். என் வண்டியின் சிக்னல் வயரில் அப்போது 0.5 வோல்ட் இருக்க வேண்டும், பழைய சென்சாரை மறுபடி மாட்டிப் பார்த்தால் அதிலும் அதே 0.5தான். நல்ல சென்சாரைத் தூக்கி ஓரம் வைத்திருக்கிறேன்.

அடுத்து பம்பில் இருக்கும் சக்ஷன் கண்ட்ரோல் வால்வு. ஹை பிரஷர் பம்புக்குள் எவ்வளவு டீசல் போக வேண்டும் என்பதை அளந்து விடுவது அதுதான், அது பிசின் பிடித்துச் சிக்கினாலும் பிரஷர் இப்படித்தான் ஊசலாடும், அதனால் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. வால்வை மாற்றி, புது வால்வை எஞ்சின் கம்ப்யூட்டருக்குப் பழக்கும் ரீலேர்னும் ஸ்கேனரில் செய்து, கையோடு டீசல் ஃபில்டரையும் புதிதாகப் போட்டோம். இரண்டு வாரம் வண்டி பூப்போல் ஓடியது. எல்லாரிடமும் வால்வுதான் கோளாறு என்று சொல்லித் திரிந்தேன். மூன்றாவது வாரம் அதே மேடு, அதே லைட்.

இந்தக் கட்டத்தில்தான் கோடு பார்ப்பதை விட்டுவிட்டு லைவ் டேட்டா, அதாவது எஞ்சின் ஓடும்போதே வரும் அளவுகளைப் பார்க்க ஆரம்பித்தேன். விலை மலிவான ப்ளூடூத் அடாப்டரில் இரண்டு தொல்லை. பொதுவான ஆப்களில் பல சமயம் ரெயிலில் உண்மையில் இருக்கும் பிரஷர் மட்டும்தான் வரும், ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) கேட்கும் பிரஷர் வராது, இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் எதையும் சொல்ல முடியாது. அலகும் கிலோபாஸ்கலில் வரும், 30,000 என்றால் 300 பார் (bar). இன்னொன்று, பத்துப் பன்னிரண்டு அளவுகளை ஒரே நேரத்தில் தேர்வு செய்தால் புதுப்பிப்பு மந்தமாகி, ஆட்டமே கண்ணில் படாது. கேட்கும் பிரஷர், இருக்கும் பிரஷர், வால்வின் கட்டளை, மூன்று போதும். அதற்காகவே என் வண்டியின் தயாரிப்பாளர் டேட்டாவையும் படிக்கிற ஸ்கேனர் ஒன்று வாங்கினேன், இதுவரை வாங்கியதில் காசுக்கு மதிப்பு கொடுத்தது அது ஒன்றுதான்.

ஐடிலில் ஈசியு கேட்பது 300 பார், கோடு போட்டதுபோல் நிற்கிறது. இருப்பது 240-க்கு இறங்கி, 370-க்குப் போய், திரும்ப இறங்குகிறது. உற்றுப் பார்த்தால் ஒரு வரிசை தெரிந்தது: முதலில் பிரஷர் விழுகிறது, அதன் பிறகே வால்வு அகலத் திறக்கிறது, பிறகு பிரஷர் எகிறுகிறது. வால்வு ஆடி பிரஷர் ஆடவில்லை, விழுந்த பிரஷரைத் தூக்க வால்வு ஓடுகிறது. பம்புக்கு வரும் டீசலில்தான் எங்கேயோ இடைவெளி விழுகிறது.

பழைய டீசல் பம்ப் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவரிடம் இந்த லைவ் டேட்டா வரைபடத்தைக் காட்டினேன். "ஏர் இழுக்குது தம்பி, ஒழுகலையேன்னு பாக்காத" என்றார். என் வண்டியில் டேங்குக்குள் மின் பம்ப் கிடையாது, ஹை பிரஷர் பம்போடு சேர்ந்த சின்னப் பம்ப்தான் டேங்கிலிருந்து உறிஞ்சி எடுக்கிறது. அதனால் டேங்குக்கும் பம்புக்கும் நடுவே ஓட்டை இருந்தால், எஞ்சின் ஓடும்போது டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். ஒரு வருடமாக ஈரம் தேடிக்கொண்டிருந்தவன் நான்.

ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே உள்ளே போவது வெளியே தெரிகிற ஹோஸ் ஒரு முழம் போட்டேன். ஐடிலில் நூலில் கோத்த மணிபோல் ஒவ்வொன்றாகக் குமிழி போகிறது, ஆக்சிலரேட்டர் கொடுத்தால் கொத்துக் கொத்தாக. ஒரு கொத்து உள்ளே போகும்போது பிரஷர் விழுகிறது, வால்வு முழுசாகத் திறந்து நிற்கும் நேரத்தில் சுத்தமான டீசல் வந்து சேர்ந்தால் எகிறுகிறது. பி0088 வந்த கதை அதுதான். புது ஃபில்டர் போட்ட இரண்டு வாரம் நன்றாக ஓடியதற்கும் விடை கிடைத்தது: ஃபில்டர் அடைத்திருந்தால் உறிஞ்சும் இழுப்பு கூடும், காற்றும் கூடுதலாக வரும், புதிது போட்டதும் இழுப்பு குறைந்தது, ஓட்டை அப்படியேதான் இருந்தது.

இடத்தைக் கண்டுபிடிக்க, தனி கேனில் சுத்தமான டீசல் வைத்து, ஃபில்டர் ஹெட்டுக்கு (ஃபில்டர் மாட்டியிருக்கும் மேல்பகுதி) வரும் லைனைக் கழற்றி அதிலிருந்து கொடுத்தோம். அப்பவும் குமிழி, அப்படியென்றால் டேங்க் பக்கம் இல்லை. ஹெட்டையும் தாண்டி நேராகப் பம்புக்கே ஒரு சின்ன ஃபில்டர் வழியாகக் கொடுத்ததும் ஹோஸில் குமிழி நின்றது, 300-ல் கோடு படுத்துக்கொண்டது. ஹெட்டின் மேல் டீசலைக் கையால் அமுக்கி ஏற்றும் ஹேண்ட் பிரைமருக்கு அடியில் இருந்த ஓ-ரிங் (ரப்பர் வளையம்) தட்டையாகிக் கல்போல் இறுகிப்போயிருந்தது, நகத்தால் கீறினால் விரிசல் தெரிந்தது.

ஒன்று மட்டும் கறாராகச் சொல்கிறேன். இதெல்லாம் லோ பிரஷர் பக்கம். எஞ்சின் ஓடும்போது ரெயில் பக்கத்து இரும்பு லைனில் ஸ்பேனர் வைக்காதீர்கள், கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள், அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அப்படி ஆனால் காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஓ-ரிங் மாற்றி பதினான்கு மாதம் ஆகிறது. பி0087 திரும்பி வரவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை அந்த மூன்று அளவுகளின் வரைகோட்டையும் பதிவு செய்து பழையதோடு ஒப்பிடுகிறேன், நான்கு பாட்டில் மாட்டி இன்ஜெக்டர் ரிட்டர்னையும், அதாவது ஒவ்வொரு இன்ஜெக்டரும் திருப்பி அனுப்பும் டீசலையும், அளக்கிறேன். போன வாரம் பார்த்தபோது மூன்றாவது பாட்டில் மட்டும் மற்றவற்றைவிட ஒரு விரல் உயரம் கூடுதலாக இருந்தது. இன்னும் அதில் கை வைக்கவில்லை.