மொட்டை மாடிக்கு வெள்ளை பெயின்டா, எக்ஸ்.பி.எஸ் போர்டா?

பொதட்டூர்பேட்டையில் எங்கள் வீட்டில் கீழே தறி, மேலே நாங்கள். போன சித்திரையில் ராத்திரி எட்டு மணிக்கு ஸ்டூலில் ஏறித் தளத்தின் அடிப்பக்கம் கை வைத்தேன். இறக்கி வைத்த தோசைக்கல் மாதிரி இருந்தது. பகலெல்லாம் குடித்த வெயிலை கான்கிரீட் ராத்திரியில்தான் கக்கும். ஃபேன் அதை நம் தலையில் தள்ளும்.

செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு, மேலே தட்டோடு என்பது அருமையான பழைய வேலை. கடுக்காய்த் தண்ணீர் ஊற்றி அடித்து இறுக்கத் தெரிந்த ஆள் எங்களுக்குக் கிடைக்கவில்லை. சதுர அடிக்குப் பத்து கிலோவுக்கு மேல் பாரம் வேறு. விட்டுவிட்டோம்.

வெள்ளை கூலிங் பெயின்ட் மலிவு. நகரியில் மச்சான் வீட்டில் அடித்த முதல் கோடையில் நடுமத்தியானம் வெறுங்காலோடு நடந்தேன், சுடவில்லை. அடுத்த கோடையில் அதே தளம் பழுப்பு. வெயிலைத் திருப்பி அனுப்புவது அந்த வெண்மைதான். தூசி படிந்தால் அந்த வேலை குறைந்துவிடும். அக்கா துடைப்பம் போட்டுத் தேய்த்தாள், வாளித் தண்ணீர் டீ நிறத்தில் ஓடியது. அதுவும் தண்ணீரை லாரியில் வாங்கும் மே மாதத்தில்! மிளகாய், வடாம் காயப்போட்ட கறை தனிக்கதை. சில வருஷத்துக்கொரு தரம் மறுபடி அடிக்கவும் வேண்டும்.

எக்ஸ்.பி.எஸ் போர்டு என்பது வெப்பத்தைத் தடுக்கும் கெட்டியான நுரைப் பலகை. அதற்கு இந்தத் தொல்லை இல்லை. அழுக்கானாலும் அது வெப்பத்தைத் தடுத்துக்கொண்டே இருக்கும். கான்கிரீட் கடத்தும் வெப்பத்தில் சுமார் ஐம்பதில் ஒரு பங்கைத்தான் எக்ஸ்.பி.எஸ் கடத்துகிறது. வீடுகளில் மின்சாரம் மிச்சமாக மத்திய அரசு கொண்டுவந்த 2018 ஈகோ நிவாஸ் சம்ஹிதா விதித்தொகுப்பு, கூரையின் யு மதிப்பு, அதாவது கூரை வழியே வெப்பம் கடக்கும் அளவு, 1.2-ஐத் தாண்டக் கூடாது என்றது. வெறும் ஆறு அங்குலத் தளத்துக்கு அது மூன்றுக்கு மேல். ஓர் அங்குல போர்டு போட்டால் ஒன்றுக்குக் கீழே வந்துவிடும். பெயின்ட் இந்தக் கணக்கையே தொடாது. அந்த விதி வந்தபோது 500 சதுர மீட்டர் மனையிலிருந்துதான், அதாவது சுமார் இரண்டேகால் கிரவுண்டிலிருந்து. நம்மை யாரும் கேட்கப் போவதில்லை. வெயில் மட்டும் மனை அளவு பார்த்தா அடிக்கிறது?

நாங்கள் போட்டது இப்படி: தளத்துக்கு வாட்டர் ப்ரூஃபிங், மேலே போர்டு, கோழி வலை, வாட்டம் பார்த்துக் கலவை, கடைசியில் வெள்ளை டைல்ஸ். செலவு பெயின்டைப் போலப் பல மடங்கு. ஆனால் விடியும்வரை ஓடிய பையன் அறை ஏசி, இந்தக் கோடையில் ரெண்டு மணிக்கே நின்றது. எனக்கு ஆன அனுபவம் ஒரு கோடை, ஒரு மழை அவ்வளவுதான்; பத்து வருஷக் கதையை இப்போதே சொல்ல முடியாது.

ஒரே பயம், பின்னால் ஒழுகினால் எல்லாவற்றையும் உடைக்க வேண்டும். அதனால் போர்டு போடுமுன் குழாய் வாயை அடைத்து மூணு நாள் தண்ணீர் கட்டிப் பாருங்கள். எங்கள் மேஸ்திரி, "ஒரு நாள் போதும் சார்" என்றார். நான் விடவில்லை. ரெண்டாம் நாள் சாயங்காலம்தான் படிக்கட்டு மூலையில் ஈரம் தெரிந்தது.